ஒம்பதாங்கட்டையிலிருந்து வின்னிபெக் வரை

செராஸில் இடம் சொல்ல இன்னமும் கட்டைக் கணக்குதான். "ஒம்பதாங்கட்டை வந்துட்டு போன் பண்ணு", "பதினோராங்கட்டை தாண்டி இடது பக்கம் திரும்பு" என்றுதான் வழி சொல்வார்கள். நாடு மைலைக் கைவிட்டு கிலோமீட்டருக்கு மாறி ஒரு தலைமுறைக்கும் மேலாகிவிட்டது. இங்குள்ள நாக்குகள் மாறவில்லை. புதிதாக வந்த எம்ஆர்டி ரயில்கூட ஒரு நிலையத்துக்கு 'பத்து 11 செராஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. கோலாலம்பூரிலிருந்து காஜாங்கை நோக்கிப் போகும் பழைய சாலையில் எத்தனையாவது மைலில் இருக்கிறோம் என்பதே எங்கள் முகவரி. ஊரில் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது, மறு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில். எல்லை எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. குப்பை லோரி எந்த மன்றத்தினுடையது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் என்பதால் சாலையில் பிழைப்பவர்களும் இங்கே நிறைய. அதிகாலை 4.30 மணிக்கு வானொலி நிலையத்துக்கு நான் காரை எடுக்கும்போது, செராஸ் – காஜாங் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னும் பின்னும் ஓடுபவை பெரும்பாலும் லோரிகள். காலை அவசர நேரத்தில் பெரிய லோரிகளுக்குத் தடை உண்டு. அதற்குள் நகரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு. ஆறு மணிக்கு நான் மைக்கைத் திறந்து வணக்கம் சொல்லும்போது, அவர்களில் பலர் கிள்ளான் துறைமுக வரிசையில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் பதிவு அனுப்புவார்கள். பழைய பாட்டு கேட்பார்கள். மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லச் சொல்வார்கள்; பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் மறுநாள் கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று வருடங்களாக இன்னொரு கேள்வியும் வருகிறது. "தங்கச்சி, உங்க அண்ணன் கனடாவுல லோரி ஓட்டுறாராமே? குடும்பத்தோட போயிட்டாராமே? நாங்களும் போகலாமா?"

அண்ணனைப் பற்றி ஒரு நாள் ஒலிபரப்பில் இரண்டே வரி சொன்னேன். அதன் பலன் இது. இரண்டு பாடல்களுக்கு நடுவில் கிடைக்கும் அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். தாமான் கன்னாட்டுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி ஒன்றில் நான்காவது மாடி அவர்கள் வீடு. புதன்கிழமை மாலை ஆனால் அந்த வட்டாரத்தில் கார் நுழைய முடியாது. நாட்டிலேயே நீளமான பசார் மாலாம்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய சந்தை அன்றுதான் கூடும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போவதற்குள் வயிறும் நிரம்பிவிடும், பையும் காலியாகிவிடும். அண்ணி அந்தச் சந்தையில்தான் வாரத்துக்கான காய்கறி வாங்குவார். பிள்ளைகள் இரண்டு பேர்; பெரியவள் மகள், சின்னவன் பையன். பள்ளி முடிந்து வந்தால் பெரியம்மா பார்த்துக்கொள்வார். பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்தால் எதிர்வீட்டு சீனத்து அத்தை பார்த்துக்கொள்வார்.

அண்ணன் ஐந்தாம் படிவம் முடித்தவுடன் லோரியில் உதவியாளாக ஏறினார். பிறகு 'இ' லைசென்ஸ், சரக்கு ஏற்றுவதற்கான ஜிடிஎல், அதன்பின் கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர். பாலாகோங் தொழிற்சாலைகளில் சரக்கு ஏற்றி, சில்க் நெடுஞ்சாலையில் ஏறி, தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை வழியாக நேராக இண்டா தீவுக்குப் போவார். வெஸ்ட்போர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று திறந்து, 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அந்த இடத்தில், இன்று ஆண்டுக்கு ஒரு கோடியே 40 லட்சத்துக்கும் மேல் 20 அடிக் கொள்கலன்கள் கையாளப்படுகின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கொண்டுவந்து இறக்க வேண்டும், அல்லது ஏற்றிக்கொண்டு போக வேண்டும். துறைமுகம் பற்றிய செய்திகளில் கிரேனும் கப்பலும் வரும். அந்த 'யாரோ ஒருவர்' வருவதில்லை.

அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் டிரிப் காசு. வரிசையில் நான்கு மணி நேரம் நின்றால் அந்த நான்கு மணி நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு டிரிப் அடித்தால் நல்ல நாள். இரவு பத்தோ பதினொன்றோ, வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆனாலும் திரும்பிவிடுவார். அண்ணி சோற்றைச் சூடு செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் அவர் கிளம்பும் முன் பையன் எழுந்துவிட்டால், கீழே நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்காகவே அவன் சில நாள் 4 மணிக்கு எழுந்துவிடுவான். இதை எழுதக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

வெளிநாட்டு யோசனை வந்தபோது முதலில் எல்லோரையும் போல சிங்கப்பூரைத்தான் பார்த்தார்கள். பாலத்தைத் தாண்டினால் வெள்ளி மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. ஆனால் வேலை பெர்மிட்டில் போகும் ஓட்டுநர் குடும்பத்தை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு எஸ் பாஸ் அல்லது அதற்கு மேலான அனுமதி வேண்டும், மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளமும் வேண்டும். ஜொகூர் பாருவில் குடியிருப்பவருக்கு சிங்கப்பூர் சரி. செராஸில் வீடு வைத்திருப்பவருக்கு அது வார இறுதி அப்பா வேலை.

அடுத்தது பிரிட்டன். 2021இல் அங்கே பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் இருந்தது, கொண்டுபோக ஓட்டுநர் இல்லை. அந்தச் செப்டம்பரில் 5,000 லோரி ஓட்டுநர்களுக்குத் தற்காலிக விசா என்று அறிவித்தார்கள். நம் ஊர்க் கைப்பேசிகளில் அந்தச் செய்தி பறந்தது. சில மாதங்களுக்கான விசா, மனைவி பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்ற வரி மட்டும் யாருடைய குழுவிலும் பகிரப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அது ஒரு வசதி. ஆனால் லோரி ஓட்டுநர் வேலை அங்கே பொதுவான திறன் குடியேற்றப் பட்டியலில் கிடையாது. சில பகுதிகளின் தனி ஒப்பந்தம் வழியாகத்தான் போக முடியும்.

இப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டிய பிறகு மிஞ்சியது கனடா. அதிலும் டொரொண்டோ இல்லை, மனித்தோபா மாநிலம், வின்னிபெக் நகரம். கனடாவின் நடுவில் இருப்பதால் கிழக்குக்கும் மேற்குக்கும் போகும் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. லோரி நிறுவனங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தால் மாநிலத்தின் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் நிரந்தர வசிப்புக்கு வழி. அண்ணன் 2022இல் தனியாகப் போனார். அண்ணியும் பிள்ளைகளும் மறு ஆண்டு ஆகஸ்ட்டில் போனார்கள்.

15 வருட அனுபவம் வின்னிபெக்கில் செல்லுபடியாகவில்லை. மலேசிய லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. கார் லைசென்ஸிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். வலப்பக்கம் ஓட்டப் பழக வேண்டும். பிறகு பெரிய லோரிக்கான முதல் வகுப்பு லைசென்ஸ், அதற்கு 121.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி. ஏன் இத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறார். பயிற்றுநர் சொன்ன பதில் 2018 ஏப்ரல் 6ஆம் தேதி.

அன்று பக்கத்து மாநிலமான சஸ்காச்சுவானில், ஹம்போல்ட் என்ற சிறு நகரத்தின் இளையோர் ஹாக்கி அணியின் பேருந்தும் ஒரு லோரியும் சந்திப்பில் மோதின. 16 பேர் இறந்தார்கள். லோரி ஓட்டுநர் இந்தியாவிலிருந்து குடியேறிய இளைஞர், வேலைக்குப் புதியவர். நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் சந்திப்புக்குள் போய்விட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், 8 ஆண்டு சிறை. 2024 மே மாதம் அவரை நாடு கடத்தும் உத்தரவும் வந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அந்தப் பகுதி மாநிலங்கள் பயிற்சியைக் கட்டாயமாக்கின. நமக்கும் இது புரியாத கதை அல்ல. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் பிரிவுக் காவலர்கள் 9 பேர் இறந்தார்கள். அதன்பின் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றி நாடே பேசியது. ஒரு வித்தியாசம்தான். அண்ணன் அன்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னார்: "இங்க ஒரு தப்பு நடந்தா லைசென்ஸ் மட்டும் போகாதும்மா. நாலு பேரோட ஊரே போயிடும்."

நம் தீபகற்பத்தில் தாய்லாந்து எல்லையில் ஏறி ஜொகூரில் இறங்கினால் 800 கிலோமீட்டருக்குப் பக்கம். வின்னிபெக்கிலிருந்து டொரொண்டோ மட்டும் 2,200 கிலோமீட்டர் வாக்கில். வான்கூவர் மறுபக்கம் அதே அளவு தூரம். ஒண்டாரியோவின் வடக்கில் 17ஆம் எண் சாலை பெரும்பகுதி இரண்டே தடம், போக ஒன்று வர ஒன்று. இரண்டு பக்கமும் காடும் ஏரியும். பனிப்புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள், திறக்கும் வரை லோரியிலேயே இருக்க வேண்டும். லோரிக்குப் பின்னால் கட்டில் உண்டு, குளிர்பெட்டி உண்டு. பஞ்சாபி டாபா கண்ணில் பட்டால் அது தீபாவளி. அண்ணன் அனுப்பும் படங்களில் வானம் பெரியதாக இருக்கும், மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள்.

வேலை நேரத்துக்குச் சட்டம் கண்டிப்பானது. ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மின்னணுக் கருவி ஒன்று நிமிடக் கணக்கில் பதிவு செய்கிறது, ஏமாற்ற முடியாது. 7 நாளில் 70 மணி நேரம் உச்சம். அந்தக் கணக்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டுமென்றால் தொடர்ந்து 36 மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும். நம் ஊர் ஓட்டுநர்களிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார்கள். சரியான பொறாமைதான்.

அந்த 36 மணி நேரம்தான் வீட்டில் என்ன ஆகிறது என்பதை அண்ணி ஒரு நாள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 நாள், சில முறை 14 நாள் சாலையில். சனி மாலை வந்து சேர்வார். குளித்துச் சாப்பிட்டுத் தூங்கினால் ஞாயிறு மதியம் எழுவார். அழுக்குத் துணி, அடுத்த பயணத்துக்குச் சமைத்து டப்பாவில் அடைக்க வேண்டிய சாப்பாடு, தள்ளிவைத்த வங்கிக் கடிதங்கள். திங்கள் காலை பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர் கிளம்பியாக வேண்டும். ஓட்டுநர் களைப்பு நீங்க சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு, குடும்பத்துக்கு மொத்த அளவாகிவிட்டது. "குடும்பத்தோட இருக்கணும்னுதானே எங்களைக் கூப்பிட்டாரு. இங்க வந்து பார்த்தா அவரு மட்டும் இல்ல, மத்த எல்லாரும் இருக்கோம்" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மைலுக்கு இத்தனை சென்ட் என்று சம்பளம். எனவே சக்கரம் உருள உருளத்தான் காசு, வீட்டுக்கு வரும் நாள் எல்லாம் நட்டம். நம் டிரிப் காசும் இதுவும் ஒரே தாய் பிள்ளைகள். அனுபவம் கூடினால் சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. செராஸில் 5 வருடத்தில் அடைபடாத கடன் ஒன்று இரண்டே வருடத்தில் அடைந்தது. பிள்ளைகளின் பள்ளிக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் அண்ணியின் முதல் குளிர்காலத்தை யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் கொஞ்சம் எழுதுகிறேன். ஜனவரியில் மைனஸ் 30ஐத் தொடும் நாட்கள் உண்டு. இரவில் காரின் எஞ்சினுக்கு மின்சாரம் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. அண்ணிக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. செராஸில் எதற்குத் தெரிய வேண்டும்? கீழே இறங்கினால் கடை, கொஞ்சம் நடந்தால் எம்ஆர்டி. வின்னிபெக்கில் பையனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தபோது அண்ணன் தண்டர் பே பக்கத்தில் எங்கோ, 700 கிலோமீட்டர் தூரத்தில். எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றால் அந்த வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது. டாக்ஸி வரும் வரை பையனைப் போர்வையில் சுற்றி வாசலில் நின்றிருக்கிறார். அந்த நேரம் செராஸில் மதியம். பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டுவிட்டு எதுவும் பேசாமல் இருந்திருக்கிறார். பெரியம்மா இங்கே சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டே கைப்பேசியை நிமிர்த்தி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அண்ணி லைசென்ஸ் எடுத்தார். பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே ஒரு முக்கியமான விஷயம். அவர் போன காலத்தில் ஓட்டுநரின் மனைவிக்கும் திறந்த வேலை அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரி 21 முதல் அந்த விதியை இறுக்கிவிட்டார்கள். உயர் நிலைத் தொழில்களிலும் தேர்ந்தெடுத்த சில துறைகளிலும் வேலை செய்பவர்களின் துணைக்குத்தான் இனி அது. முதலாளிகள் குறைந்த சம்பளத்துக்கு வெளிநாட்டவரை எடுப்பதற்கும், வேலையில்லாத் திண்டாட்டம் 6 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ள நகரங்களில் 2024 செப்டம்பர் முதல் தடை இருக்கிறது. கூட்டரசின் விரைவுத் தேர்வில் 2023இல் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு பிரிவு வைத்தார்கள், லோரி ஓட்டுநர்கள் அதில் இருந்தார்கள். 2025இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவோ 2025 ஆகஸ்ட்டில் வணிக லோரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாவை நிறுத்தி வைத்தது. அண்ணன் நுழைந்த கதவு வேறு, இன்று இருக்கும் கதவு வேறு. டிக்டாக் காணொலிகளில் இன்னும் பழைய கதவைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காணொலிகளுக்குக் கீழேதான் தரகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வந்த குரல் பதிவுகளில் மனதை விட்டுப் போகாத ஒன்று காஜாங்கிலிருந்து வந்தது. வேலை உத்தரவாதக் கடிதத்துக்காக வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். கடிதம் வந்தது, நிறுவனம்தான் எங்கும் இல்லை. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க கனடிய முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணம் 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். வேலைக்கான அந்த அனுமதியை விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு பொறி உண்டு. சில நிறுவனங்கள் ஓட்டுநரையே ஒரு கம்பெனி பதிவு செய்யச் சொல்லி, தொழிலாளி என்ற கணக்கிலிருந்து கழற்றிவிடுகின்றன. விடுமுறைச் சம்பளம், காப்புறுதி எல்லாம் போய்விடும். கையில் வரும் காசோலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்காக பிரிக்பீல்ட்ஸ் போனபோது இதே விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று ஒரு வரிசை வீடுகள் இருந்தன. பெயரே எண்ணிக்கையைச் சொல்கிறது. 1905 வாக்கில் அரசு ஊழியர்களுக்கும் ரயில்வே தொழிலாளர்களுக்கும் கட்டியவை. 2010களில் இடித்துவிட்டார்கள். ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்களுக்கு வேலையோடு வீடும் கிடைத்தது. அதனால் குடும்பமும் வந்தது, கோயிலும் பள்ளியும் சங்கமும் வந்தன. தோட்டத்தில் லயம், ரயில்வேயில் குவார்ட்டர்ஸ். வெள்ளைக்காரன் இரக்கப்பட்டுத் தரவில்லை, ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்கத்தான் தந்தான். ஆனாலும் வேலை முடிந்தவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். இன்றைய விசா குடும்பத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியை அது பார்த்துக்கொள்வதில்லை.

2024 இறுதியில் அண்ணன் குடும்பத்துக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அதுவரை அவர் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது, 'நீண்ட தூரம் வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை. கையில் அட்டை வந்த மூன்றாவது மாதம் நகர ஓட்டத்துக்கு மாறினார். வின்னிபெக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்டர்போர்ட் என்ற பெரிய சரக்கு மையத்திலிருந்து கிடங்குகளுக்கு. காலை 5 மணிக்குப் போனால் மாலை வீடு. சம்பளம் கணிசமாகக் குறைந்தது. கூடவே ஓடிய நண்பர்கள் பைத்தியமா என்று கேட்டார்கள். மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காலண்டரைக் கழற்றிவிட்டாள். அப்பா வரும் நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு வைத்திருந்த காலண்டர் அது.

இனி வரப்போவது குடியுரிமைப் பேச்சு. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீலக் கடவுச்சீட்டு வேண்டுமென்றால் சிவப்பைக் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமநிதியை முழுதாக எடுத்துக்கொண்டு போவதும் அந்த முடிவோடு சேர்ந்ததுதான். அண்ணி நீலம் என்கிறார், அண்ணன் பேச்சை மாற்றுகிறார். பெரியம்மாவின் நான்காவது மாடி வீட்டில் அண்ணனின் அறை அப்படியே இருக்கிறது. லோரிச் சாவி மாட்டும் ஆணி, அதில் இப்போது பெரியம்மாவின் மருந்துப் பை. போன வருடம் கோடையில் பெரியம்மா இரண்டு மாதம் போய்விட்டு வந்தார். "ஊரு நல்லா இருக்கு, மனுசங்களத்தான் தேட வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

சென்ற வாரம் பாலாகோங்கில் ஒரு மாமாக் கடையில் காலை உணவுக்கு நின்றேன். என் குரலைக் கேட்டே அடையாளம் கண்டுகொண்டு ஒரு தம்பி எழுந்து வந்தார். 30 வயது இருக்கும். வெளியே அவருடைய டிரெய்லர். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வரப்போகிறது. ஒரு முகவர் கொடுத்த தாள் கையில் இருந்தது. சம்பளம், மணி நேரம், காப்புறுதி என்று அழகாக அச்சிட்டிருந்தார்கள்.

"எல்லாம் எழுதியிருக்கு அக்கா. பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். மாதத்துக்கு எத்தனை இரவு வீட்டில் என்று அதில் இல்லை. மனைவிக்கு என்ன அனுமதி என்றும் இல்லை. முதலாளியை மாற்ற எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்றையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், பதில் வரும் வரை ஒரு காசும் கட்டாதீர்கள் என்றேன். அவர் படித்துப் பார்த்தார்.

"இத என் வைஃப்கிட்ட மொதல்ல காட்டணும். உங்க அண்ணிகிட்ட அவ பேச முடியுமாக்கா?"

அண்ணியின் எண்ணுக்குச் செய்தி போட்டேன். வின்னிபெக்கில் அப்போது மாலை 6 மணி இருக்கும். 'கூப்பிடச் சொல்லு, இவரு பிள்ளைங்களோட வெளிய போயிருக்காரு, நான் ஃப்ரீதான்' என்று உடனே பதில் வந்தது. தம்பி தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட லோரிப் பக்கம் நடந்தார்.